ஆன்லைன் செஸ்ஸில் வேண்டுமென்றே தோற்பவர்களை என்ன செய்வது?

காக்ஸ்டவுன்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். செஸ் விஷயமாக ஒரு சந்தேகம், கொஞ்சம் வருத்தமும்கூட. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்குப் பத்து வயது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாரே, அதைப் பார்த்துவிட்டு "எனக்கும் கத்துக்கொடும்மா" என்று ஆரம்பித்தவள். பள்ளி விட்டு வந்ததும் என் போனில் 10 நிமிட ஆட்டம் தினமும் இரண்டு மூன்று ஆடுவாள். ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ரேட்டிங் மாதக்கணக்கில் 980 பக்கமே நின்றது. போன மாதம் ஒன்பதே நாளில் 1210 தொட்டாள். வீட்டில் கேசரி கிண்டினேன். சேலத்தில் இருக்கும் தாத்தாவுக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு ஒரு பள்ளிக்கூடத்தில் சிறுவர் போட்டி. ஏழு சுற்றில் ஒன்றரைப் புள்ளி. தோற்றதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில், "அம்மா, நான் 1200 தானே. அந்தப் பையன் ஆன்லைன்ல 1000கூட இல்லையாம். எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு அவள் தூங்கியபிறகு அந்த ஒன்பது நாள் ஆட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். காய் எப்படி நகரும் என்ற அளவுக்குத்தான் எனக்குச் செஸ் தெரியும். அப்படிப்பட்ட எனக்கே விளங்கிவிட்டது. வெள்ளைக் காய் ஆடுகிறவர் எஃப் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறார். இவள் ஈ சிப்பாயை இரண்டு கட்டம் விடுகிறாள். அவர் ஜி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். இவள் ராணியை ஹெச்4-ல் கொண்டுபோய் வைத்தால் செக்மேட். உடனே அவரே ரீமேட்ச் கேட்கிறார். நிறம் மாறி அவருக்குக் கறுப்பு வந்தால் முதல் நகர்த்தலிலேயே ரிசைன், அதாவது தோற்றதாக ஒப்புக்கொண்டு விலகிவிடுகிறார். ஒரே ஆளோடு இப்படி ஆறு ஆட்டம். இவரைப்போல இன்னும் நாலைந்து பேர். அந்த ஒன்பது நாளில் அவள் ஜெயித்ததில் 22 ஆட்டம் பத்து நகர்த்தலைத் தாண்டவே இல்லை.

காசு திருடினால் திருட்டு என்று சொல்லலாம். இவர்கள் என் பிள்ளையிடம் எதையும் எடுக்கவில்லை, கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் அவளுக்குத் தன்னைப் பற்றி இருந்த சரியான கணக்கு போய்விட்டது. இதை என்னவென்று சொல்வது? என்ன செய்வது?

மூணுநிமிஷம்

அக்கா, படிக்கும்போதே வயிறு எரிகிறது. நான் 3 நிமிட பிளிட்ஸ் மட்டும்தான் ஆடுவேன், அங்கேயும் இதே கதை. எதிராளி வேண்டுமென்றே ராணியைக் கொண்டுவந்து என் சிப்பாய்க்கு முன்னால் வைத்தால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். அந்த ராணியை நான் தொடுவதில்லை. உடனே ரிசைன் செய்துவிடுவேன். "உன் பிச்சை எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்" என்று. அவன் ரேட்டிங் இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

எல்_வடிவக்_குதிரை

தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் அதைச் செய்யாதீர்கள். ரிசைன் செய்தால் வேண்டுமென்றே தோற்றவர் பட்டியலில் நீங்களும் வந்துவிடுவீர்கள். உங்கள் மனதில் என்ன இருந்தது என்று தளத்துக்குத் தெரியாது. இரண்டாவது நகர்த்தலில் ரிசைன் என்பது மட்டும்தான் பதிவாகும். நாளைக்கு எச்சரிக்கை உங்களுக்கு வரும். ராணியை வைத்தால் எடுங்கள், சீக்கிரம் செக்மேட் வையுங்கள், ரீமேட்சைத் தொடாதீர்கள், புகார் கொடுங்கள், அந்தப் பெயரைப் பிளாக் செய்யுங்கள். கோபத்தில் சாட்டில் ஒரு வார்த்தைகூட வேண்டாம். நாம் திட்டினால் புகார் நம் மேலேயே திரும்பும்.

அக்கா கேட்டதற்கு வருகிறேன். ரேட்டிங் என்பது பரிசு மாதிரித் தெரிந்தாலும் அது ஒரு கணிப்பு, அவ்வளவுதான். எலோ என்ற ரேட்டிங் கணக்கில் இரண்டு பேருக்கு நடுவே 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், பலமானவர் பத்துக்கு ஒன்பது புள்ளி எடுப்பார் என்று அர்த்தம். 600 இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. இப்போது 1900 பலம் உள்ள ஒருவர் தோற்றுத் தோற்று 1300-க்கு இறங்கி நிற்கிறார் என்று வையுங்கள். உண்மையான 1300 ஒருவர் அவரிடம் தோற்கிறார். ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் எத்தனை புள்ளி மாறலாம் என்பதைச் சொல்லும் கே எண்ணை 20 என்று வைத்துப் பார்த்தால், நேர்மையாக நடந்திருந்தால் அந்தத் தோல்விக்கு அவர் இழந்திருக்க வேண்டியது ஒரு புள்ளிக்கும் குறைவு. இருவரும் சமம் என்று பலகை காட்டுவதால் பத்துப் புள்ளி போகிறது.

உங்கள் மகளுக்கு நடந்தது இதன் மறுபக்கம். இறங்கும் வழியில் இருந்தவர்கள் சுமையை அவள் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதோடு முடியவில்லை. 1210 என்று காட்டியதும் தளம் அவளுக்கு உண்மையான 1200-களைத் தேடிக் கொண்டுவந்து உட்காரவைக்கும். குழந்தை வரிசையாகத் தோற்கும். தனக்கு ஆட்டம் மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

காக்ஸ்டவுன்_அம்மா

அதேதான் நடக்கிறது. நாலு நாளாகப் போனைத் தொடவில்லை அவள். ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. தோற்பதில் ஒருவருக்கு என்ன லாபம்? எதற்காக ஒரு மனுஷன் உட்கார்ந்து இருபது ஆட்டம் தோற்கிறான்?

கரும்பலகை

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் வார இறுதியில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். ஆறு வருடமாக இதைப் பார்த்துவருவதால் சொல்கிறேன்.

முதல் காரணம், ரேட்டிங் வரம்பு வைத்த போட்டிகள். லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் 1500-க்குக் கீழே, 1700-க்குக் கீழே என்று தனித்தனி அரீனா போட்டி உண்டு. ஒரு வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. தொடர்ந்து இரண்டு ஜெயித்துவிட்டால் அடுத்த வெற்றியிலிருந்து இரட்டிப்பு, ஒவ்வொன்றுக்கும் 4. பலமான ஒருவர் கீழ்ப்பிரிவில் நுழைந்துவிட்டால் அந்தத் தொடர் அறுபடவே அறுபடாது, பட்டியலில் தனியாக எங்கேயோ போய் நிற்பார். இது தெரிந்துதான் இன்றைக்கு இருக்கும் ரேட்டிங்கை மட்டும் பார்க்காமல், கடந்த ஒரு வாரத்தில் தொட்ட உச்சத்தைப் பார்த்து உள்ளே விடுகிறார்கள். அதனால் ஏமாற்ற நினைப்பவர் ஒரு வாரம் முன்பே தோற்கத் தொடங்க வேண்டும். உங்கள் மகள் அப்படி ஒருவரின் வாரத்தில் மாட்டியிருக்கலாம்.

இரண்டாவது, நண்பனின் கணக்கைத் தூக்கிவிடுவது. மூன்றாவது, கோபம். நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்ற வெறுப்பில் மீதியையும் வாரி இறைப்பவர்கள் உண்டு. நான்காவது, பலவீனமானவர்களை அடித்து ஜெயிப்பதில் கிடைக்கும் சுகம். எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த நான்காவது மேல்தான். சின்னப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கீழ்த்தட்டில்தானே இருக்கிறார்கள்.

நேரில் ஆடும் போட்டிகளிலும் இந்த நோய் உண்டு. அமெரிக்கச் செஸ் கூட்டமைப்பு இதற்காகவே ஒவ்வொருவருக்கும் ஒரு தரை வைத்திருக்கிறது. வாழ்நாள் உச்சத்திலிருந்து 200-ஐக் கழித்து, கடைசி இரண்டு இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கினால் கிடைப்பது தரை. 1941 தொட்டவருக்கு 1741, அதாவது 1700. அதற்குக் கீழே எத்தனை தோற்றாலும் இறங்காது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயில் இப்படி ஆளுக்கொரு தரை கிடையாது. 2024 மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் பொதுவாக 1400 என்று ஒன்று இருக்கிறது. ஆனாலும் நேரில் தோற்க நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், இரண்டு நாள் ஹாலில் உட்கார வேண்டும், தெரிந்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். போனில் ஒரு விரல் போதும். அதனால்தான் இங்கே இவ்வளவு பெருகிவிட்டது.

ஊதாப்பாதை

என் பக்கத்தையும் கேளுங்கள். வேண்டுமென்றே தோற்பவன் என்று பெயர் வாங்கியவன் நான். செய்யாத தப்புக்கு.

அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக் வரை தினமும் போவேன். ஏறினவுடன் 5 நிமிட ஆட்டம் ஒன்று தொடங்குவேன். எம்.ஜி. ரோடு தாண்டினதும் வண்டி மேம்பாலத்திலிருந்து இறங்கிச் சுரங்கத்துக்குள் போகும். கப்பன் பார்க் வருவதற்குள் என் போனில் சிக்னல் படுத்துவிடும். ஏழாவது எட்டாவது நகர்த்தலில் நான் காணாமல் போவேன், எதிரில் இருப்பவருக்கு இலவசமாக ஒரு வெற்றி. சாயங்காலம் திரும்பும்போதும் அதே சுரங்கம். மூன்று வாரம் இப்படிப் போனதும் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். முகம் தெரியாத ஒருவர் என்னை "ஏமாற்றுக்காரன்" என்று எழுதியது இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

இப்போது மெட்ரோவில் புதிர் மட்டும்தான் போடுகிறேன். புகார் கொடுக்கச் சொல்கிறவர்கள், கொடுப்பதற்கு முன் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூணுநிமிஷம்

அண்ணா, மன்னிக்கணும். போன மாதம் இதே மாதிரி பாதியில் போன இரண்டு பேர் மேல் நான் புகார் தட்டியிருக்கிறேன். எப்படித்தான் கண்டுபிடிப்பது?

எல்_வடிவக்_குதிரை

ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்லவே முடியாது. அவருடைய பக்கத்துக்குப் போய் ரேட்டிங் வரைபடத்தைப் பாருங்கள். உண்மையாக ஆடுபவரின் கோடு மேடும் பள்ளமுமாக ஒரே உயரத்தைச் சுற்றி வரும். இவர்களுடையது ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும்: செங்குத்தாக விழும், ஏறும், மறுபடி செங்குத்தாக விழும். அப்புறம் ஆட்டப் பட்டியல். தோற்றதெல்லாம் இரண்டு நகர்த்தல், நான்கு நகர்த்தல். ஜெயித்ததெல்லாம் நாற்பது நகர்த்தல், அதுவும் போட்டி நாட்களில். இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகம் நியாயம். ஊதாப்பாதை அண்ணனுடைய பட்டியலைப் பார்த்தால் காலை ஒன்பதே காலுக்கும் மாலை ஆறரைக்கும் மட்டும் ஆட்டம் அறுந்திருக்கும். நிதானமாகப் பார்ப்பவருக்கு அது தெரியும்.

புகாரில் மூன்று நான்கு ஆட்டங்களின் இணைப்பைக் கொடுத்து, என்ன பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். தீர்ப்பை அவர்கள் சொல்லட்டும். விதி மீறியவர் என்று உறுதியானால், அவரிடம் தோற்றவர்களுக்குப் போன புள்ளியைத் திருப்பித் தரும் ஏற்பாடு லிசெஸ், செஸ்.காம் இரண்டிலும் இருக்கிறது.

புதிய கணக்குகளிடம் கொஞ்சம் கவனம் வேண்டும். லிசெஸ்ஸில் ஓடுவது மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ-2 என்ற ரேட்டிங் முறை. எல்லோரும் 1500-ல் தொடங்குவார்கள். நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்த ஆரம்ப ஆட்டங்களில் ஒரே முடிவுக்கு நூறு புள்ளிக்கு மேல்கூட ஆடும். ரேட்டிங்குக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அதுதான் அர்த்தம். ஏமாற்றுபவர்களுக்கு அங்கே இறங்குவது சுலபம். ஆனால் உண்மையிலேயே புதிதாக வந்தவருக்கும் அதே கேள்விக்குறிதான் இருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

இரவு_ஷிப்ட்

இரண்டு நாளாக இந்த இழையைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

நான் அதைச் செய்தவன்.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இரவு ஒரு மணிக்கு அமெரிக்கா கால் முடியும். என் நிஜ ரேட்டிங் 1850 பக்கம். அந்த நேரத்தில் சமமான ஆளோடு ஆட மூளையில் தெம்பு இருக்காது. தோற்றால் தூக்கமும் போய்விடும். ஒரு நாள் கடுப்பில் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் தொடர்ந்து ரிசைன் செய்தேன். இரண்டு மூன்று இரவில் 1400-க்கு வந்துவிட்டேன். அங்கே எல்லாம் சுலபமாக இருந்தது. பகலில் ஆபீஸில் யாரிடமும் ஜெயிக்க முடியாதவனுக்கு ராத்திரி பத்து வெற்றி. ரேட்டிங் ஏறினால் மறுபடி தோற்றுக்கொள்வேன். நாலு மாதம் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. எச்சரிக்கை வந்தது, கவலைப்படவில்லை.

ஒரு இரவு இரண்டாவது நகர்த்தலில் ரிசைன் செய்தபிறகு எதிராளி சாட்டில் எழுதினார்: "ஏன் போயிட்டீங்க? நான் எதாவது தப்பா ஆடினேனா?" ஆங்கில எழுத்தில் தமிழ். என் பெயரைப் பார்த்துத் தமிழ் ஆள் என்று தெரிந்துகொண்டிருப்பார். வயது என்ன என்று தெரியாது. நான் பதில் போடவில்லை. அடுத்த வாரம் தளம் என் கணக்கில் விதி மீறியவன் என்று குறி போட்டுவிட்டது. அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனது மட்டும் இன்றுவரை உறுத்துகிறது.

அக்கா, உங்கள் மகளோடு ஆடியது நானாக இருக்காது, நான் 10 நிமிட ஆட்டம் ஆடியதே இல்லை. இருந்தாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவள் தப்பாக ஒன்றும் ஆடவில்லை.

மூணுநிமிஷம்

அண்ணா, நீங்கள் இறங்கி வந்த அந்த 1400-ல்தான் நான் இரண்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறேன். எனக்கு அது இளைப்பாறும் இடம் இல்லை, நான் ஏற முடிந்த உயரமே அதுதான். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எழுதியதற்கு நன்றி. மனதார.

மாரிகுப்பம்_வண்டி

நான் கே.ஜி.எஃப். ஆள். தினமும் மாரிகுப்பம் வண்டியில் பெங்களூர் வந்துபோகிறேன். இந்த இழை முழுவதையும் வண்டியிலேயே படித்தேன். அப்பா நினைவு வந்துவிட்டது.

அப்பா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடும்வரை இருந்தார். ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்ததும் வாசல் திண்ணையில் போர்டை விரிப்பார். பிளைவுட்டில் அவரே கறுப்புப் பெயின்ட் அடித்துச் செய்த போர்டு. எனக்கு எட்டு வயது. அவர் நன்றாக ஆடுவார், எங்கள் குடியிருப்பு லைனில் அவரை ஜெயிக்க இரண்டு பேர்தான். பக்கத்து வீட்டு மாமா, "பையன் பாவம்பா, ஒரு ஆட்டம் விட்டுக்கொடேன்" என்பார். அப்பா விடமாட்டார். அதற்குப் பதிலாக, ஆரம்பிக்கும் முன்பே தன் ராணியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நான் பார்க்கத்தான் அதைச் செய்வார். "இப்ப எனக்கு ராணி இல்ல. முழு மூச்சா ஆடுவேன். ஜெயிச்சுக்கோ."

ராணி இல்லாத அப்பாவை முதல் தடவை ஜெயிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்ததும் ராணியைத் திரும்ப வைத்துவிட்டு ஒரு யானையை எடுத்தார். அப்புறம் குதிரை. அப்புறம் ஒரே ஒரு சிப்பாய். முழுப் படையோடு அவரை நான் ஜெயித்தபோது பத்தாவது பரீட்சை முடிந்திருந்தது. அன்றைக்கு அவர் கை கொடுத்த அழுத்தம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

அக்கா, நீங்கள் முதலில் கேட்டீர்களே, எதையும் எடுக்காமல் கொடுத்துவிட்டுப் போனதை என்னவென்று சொல்வது என்று. அப்பாவும் கொடுத்தவர்தான். எவ்வளவு கொடுக்கிறேன் என்று என் கண் முன்னால் காட்டிவிட்டுக் கொடுத்தார். அதனால் ஜெயித்தது எனக்கு என் ஜெயிப்பாகவே இருந்தது.

இரவு ஷிப்ட் தம்பிக்கும் ஒன்று. லிசெஸ்ஸில் நாமே காய்களை அடுக்கி, அந்த நிலையிலிருந்து ஆட்டம் தொடங்கலாம். அதற்கு ரேட்டிங் கணக்கு கிடையாது. ராணியை எடுத்துவிட்டு இணைப்பை அனுப்பினால் போதும். அசதியான ராத்திரியில் சின்னவர்களோடு ஆட ஆசையா, இப்படி ஆடுங்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை.

கரும்பலகை

ஐயா, இந்த வாரமே வகுப்பில் இதைச் செய்யப்போகிறேன். என் தாத்தா வேண்டுமென்றே தோற்பவர். அது தெரிந்த நாளில் நான் அழுதது ஞாபகம் வருகிறது.

அக்காவுக்கு: ரேட்டிங்கைத் திரையில் காட்டாமல் வைக்க லிசெஸ்ஸில் அமைப்பு உண்டு. சிறுவர் பயன்முறையும் இருக்கிறது, அதைப் போட்டால் சாட் வராது. இரண்டு மாதம் எண்ணே தெரியாமல் ஆடட்டும். அதுவாக அதன் இடத்துக்கு வந்துவிடும். பள்ளிப் போட்டியின் ஒன்றரைப் புள்ளியோடு அந்த 1210-ஐ ஒப்பிடவே வேண்டாம். ஆன்லைன் எண்ணும் ஃபிடே எண்ணும் வேறு வேறு ஆட்களை வைத்துப் போட்ட கணக்கு.

காக்ஸ்டவுன்_அம்மா

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

புகார் கொடுத்தோம், அவளும் நானும் சேர்ந்து. எல் வடிவக் குதிரை சொன்னபடி வரைபடத்தைத் திறந்ததும் "அம்மா, இது ரம்பம்தான்" என்றாள். ஐந்து பேரில் மூன்று பேருடையது அப்படி இருந்தது. நான்காவது ஆள் உண்மையிலேயே புதியவர் போலத் தெரிந்தது, நூறு ஆட்டத்தில் தொண்ணூறு தோற்றிருக்கிறார், எல்லாம் முழு ஆட்டம். அவரை விட்டுவிட்டோம். ஐந்தாவது பற்றி முடிவுசெய்ய முடியவில்லை, அவரையும் விட்டுவிட்டோம். ஒரு ஆளின் கணக்கு மூடப்பட்டதாகத் தகவல் வந்தது. அவள் ஜெயித்த புள்ளி அப்படியேதான் இருக்கிறது. இப்போது எண்ணை மறைத்து வைத்திருக்கிறோம்.

இரவு ஷிப்ட் தம்பி எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த அண்ணாவை ஆபீஸ்ல ரொம்ப திட்டுவாங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

மாரிகுப்பம் அண்ணன் நேற்று இணைப்பு அனுப்பினார். என் போனில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆடினாள். அண்ணனுக்கு ராணி இல்லை. 34-வது நகர்த்தலில் தோற்றாள். அழவில்லை. எங்கே தப்பு என்று தானே திரும்பப் போய்ப் பார்த்தாள், பத்தொன்பதாவது நகர்த்தலில் யானையைத் தேவையில்லாமல் நகர்த்தியதாகச் சொல்கிறாள். எனக்கு அது புரியாது.

அண்ணா, உங்கள் ராணி நிஜமாகவே சட்டைப்பையில் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள்.

மாரிகுப்பம்_வண்டி

இருக்கிறது. அப்பாவுடைய பழைய மர ராணியை வைத்திருக்கிறேன். தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் வெளியே எடுப்பேன் என்று சொல்லுங்கள். இன்று இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன்.